வேகமான கம்ப்யூட்டரின் சொந்தக்காரன்

"நம்ம வீட்ல காலையில எழுந்திருக்க அரை மணி நேரம் எடுத்துக்கறது ரெண்டு. ஒண்ணு கம்ப்யூட்டர்."

தலை துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தபோது இது என் காதில் விழுந்தது. முப்பது வருடம் பஸ் டிப்போ பட்டறையில் இருந்து பாதி போன காது. அதற்கே எட்டியது என்றால் என் மனைவி ரோசிலி எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்! அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லின்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது எது என்று ரோசிலி சொல்லவில்லை. மகள் கேட்கவுமில்லை. அங்கிருந்து சிரிப்பு மட்டும் வந்தது.

அந்தச் சிரிப்பில்தான் முடிவெடுத்தேன். அடுத்த நாளே திருச்சூருக்கு பஸ் ஏறிப் போய், புது டிஸ்க்கோடு ஒல்லூர் திரும்பினேன்.

"ஏடி ரோசிலி, இது எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க்ல தட்டு சுத்திச் சுத்தித்தான் எல்லாத்தையும் தேடி எடுக்கணும். இதுல சுத்தறதே கிடையாது. விண்டோஸை அப்படியே இதுக்கு மாத்திட்டா மெஷின் பறக்கும்."

"கடைக்காரனை வரச் சொல்றேன்."

"எதுக்கு? எத்தனை இன்ஜினை இறக்கினவன் நான்!"

"இறக்கினீங்க. திருப்பி ஏத்தினது யாரு?"

"ரோசிலி!"

"மனுஷா, அந்தப் பொட்டிக்குள்ள மூணு கல்யாணமும் ஒரு ஞானஸ்நானமும் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை யாராவது காணாமப் போனா அவங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். மணமகளின் முகத்துப் பரு முதல் மாமியாரின் முறைப்பு வரை எதையும் அழித்துவிடுவாள்.

கடைசியில், "சரி, பண்ணுங்க" என்றாள். "ஆனா சொதப்பினீங்கன்னா, இந்த வீட்ல ஸ்க்ரூடிரைவர் இனிமே என் கையில. ஃபேன் நின்னாலும் மோட்டார் நின்னாலும் நீங்க எதையும் தொடக்கூடாது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஓய்வு பெற்றவனிடம் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். உட்காருங்கள் என்கிறார்கள். வெயிலில் போகாதீர்கள் என்கிறார்கள். மகள் போன் செய்தால், "அப்பா, நல்லா இருக்கீங்களா? அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள். ஏதாவது பழுதானால் மட்டும் வீடு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டு ஏணிமேல் நிற்கும்போது நான் இன்னும் டிப்போவில் இருக்கிறேன். அந்த ஏணியும் போய்விட்டால்?

ரோசிலி சர்ச் பெருநாளின் பாட்டுப் பயிற்சிக்காகக் கோயிலுக்குப் போன மாலை, பெட்டியைத் திறந்தேன். பழைய டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே புதியதையும் பொருத்தினேன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். எது எதன்மேல் நகலாகிறது என்பது மாறிவிட்டால், காலியானது வந்து நிறைந்திருப்பதைத் துடைத்துவிடும். அதனால் பெயர்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். ரோசிலி வைத்திருந்த திருஇருதயப் படம் திரையில் வந்தது. கல்யாணங்கள் இருந்தன. ஞானஸ்நானக் குழந்தை அதே அழுகையோடு இருந்தது.

அவள் வந்ததும், "பாரு! எப்படிப் பறக்குது!" என்றேன்.

ரோசிலி வந்து பக்கத்தில் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பெட்டிப் பக்கமாகச் சற்று நேரம் நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ம்ம்... நல்ல வேகம்."

அது போதாதா? மீன்காரரிடம் சொன்னேன். கோயில் மணியடிக்கும் கப்யாரிடம் சொன்னேன். அடுத்த வீட்டு வாத்தியார் லோனப்பன் மாஷிடம் மதில்மேல் கை ஊன்றி நின்று விரிவாகச் சொன்னேன்.

"மாஷே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள விண்டோஸ் வந்து நிக்கும்."

"நிஜமாவா தேவஸ்ஸி? ஒரு நாள் வந்து பாக்கணுமே."

"எப்ப வேணா வாங்க!"

நான் பொய் சொல்லவில்லை. தன் கையால் வைத்த மீன்கறியில் உப்பு குறைவு என்று யாருக்குத் தெரிகிறது? எனக்கு அது பறப்பதாகவே பட்டது.

பெருநாளுக்கு வீடு துடைக்கும்போதுதான் எல்லாம் போனது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின்மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையால் பின்பக்கத்துத் தூசியைத் துடைத்தேன். உள்ளங்கையின் கீழே மெல்லிய நடுக்கம். விட்டு விட்டு, கரகரவென்று. காது கேட்காததைக் கை கேட்கும். இன்ஜினைத் தொட்டே நோவு சொன்ன கை இது.

சுற்றுவதற்கு ஒன்றுமில்லாத டிஸ்க் எப்படிக் கரகரக்கும்?

புரிந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நகலெடுத்தது சரி. இனிமேல் புதியதிலிருந்து எழுந்திரு என்று கம்ப்யூட்டருக்கு நான் சொல்லவே இல்லை. அது தினமும் பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்து, பழைய வேகத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. நான்தான் பறந்துகொண்டிருந்தேன்.

நல்லவேளை, ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அமைப்புத் திரைக்குள் போனேன். அங்கே பழைய டிஸ்க்கின் பெயர் மட்டும்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். புது டிஸ்க் இருந்த இடம் காலி. கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கே என்று ரோசிலியைக் கேட்கலாம். கேட்டால், அது இல்லாமலேயே இத்தனை நாள் இந்த மெஷின் ஓடியது என்று நானே சொன்னதாகும். மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அலமாரியைத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

"என்ன தேடறீங்க?" என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து குரல் வந்தது.

"கண்ணாடி."

"போட்டுட்டுத்தானே இருக்கீங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். லின்சி அயர்லாந்து போகும்போது விட்டுப்போன லேப்டாப் ரோசிலியின் முன்னால் திறந்திருந்தது. டிஸ்க் போய்விட்டது, தூக்கிப் போடு என்று நான் தீர்ப்புச் சொன்ன லேப்டாப். அதில் கல்யாணப் படங்கள் சீட்டுக்கட்டு போலச் சரசரவென்று புரண்டன.

"இது செத்துப் போனதாச்சே!"

"உயிர்த்தெழுந்துடுச்சு. லின்சி போன்ல சொல்லச் சொல்ல நானே திறந்து மாட்டினேன். ரெண்டே ஸ்க்ரூ."

"எதை மாட்டினே?"

"ஒரு டிஸ்க். வேலை வெட்டி இல்லாம சும்மா உக்காந்திருந்தது." படங்களிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ஏன், உங்களுது எதாவது காணோமா?"

ஸ்க்ரூடிரைவர் என் கையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அதைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

"இல்லியே" என்றேன்.

"அப்ப சரி. உங்க வேகமான மெஷினை நீங்களே வெச்சுக்குங்க. நான் குறுக்க வரல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. லோனப்பன் மாஷ்.

"தேவஸ்ஸி, வந்துட்டேன். அந்த வேகத்தைக் காட்டு பாக்கலாம்."

"காட்டுங்க, காட்டுங்க. மாஷே, முழுக்க முழுக்க இவர் கையால பண்ணது" என்றாள் ரோசிலி.

மாஷ் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன்.

"மாஷுக்குச் சாயா போடணும். பால் வாங்கிட்டு வந்துடறேன்."

"பால் இருக்கே!" என்றாள் ரோசிலி.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன்.