கேன் கழுவும் பிரிவின் அனுபவஸ்தர்

நாலு பேர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அங்கே ஓர் உயிரினம் தவறாமல் தென்படும். அதற்குப் பெயர் அனுபவஸ்தர். அனுபவம் உள்ளவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பல அனுபவங்கள் இருக்கும். அனுபவஸ்தருக்கு ஒன்றே ஒன்றுதான். அதை வைத்தே ஓய்வுபெறும் வரை ஓட்டிவிடுவார்.

காரகோல் என்ற மலையூரில் எங்கள் பால் தொழிற்சாலையில் கேன் கழுவும் பிரிவின் மூத்த தொழிலாளி பெய்ஷெனாலி இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. பிறவியிலேயே அப்படி இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில் இரண்டு நாள் மின்சாரம் போய், குளிர்பதன அறை வேலை செய்யாமல், பால் முழுக்கத் திரிந்துவிடும் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இந்த மனிதர் தொண்ணூறு கேன்களை ஒற்றை ஆளாக உருட்டிக்கொண்டுபோய் முற்றத்துப் பனியில் புதைத்து, உறைந்துவிடாதபடி மேலே கம்பளியைப் போட்டு மூடி, ஒரு சொட்டுப் பால் வீணாகாமல் காப்பாற்றினார். புத்தாண்டு விருந்தில் அப்போதைய இயக்குநர் கோப்பையை உயர்த்தினார். "இந்த வருஷம் நம்ம பாலைக் காப்பாத்திக் குடுத்த குளிருக்கு நன்றி!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பெய்ஷெனாலியும் தட்டினார். தட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் மறுநாள் அனுபவஸ்தராகத் திரும்பி வந்தார்.

அநியாயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதற்கப்புறம் அவர் செய்ததைப் பாருங்கள். தமக்கு விதிக்கப்பட்ட கேன்களுக்கு மேல் ஒரு கேனைத் தொடுவதில்லை. கீழே கிடக்கும் மூடியைத் தாண்டிப் போவார், குனிய மாட்டார். "குனிஞ்சு எடுத்தா, காத்துக்கு நன்றி சொல்லுவாங்க" என்பார். இதோடு நின்றிருந்தால் ஒரு ஆளின் கோபம் என்று விட்டுவிடலாம். நிற்குமா? புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் தேநீர் வேளையில் அவரைத் தம் மேசைக்கு அழைத்து, போர்சோக் என்னும் பொரித்த மாவுப் பண்டத்தைத் தட்டில் குவித்து, தேநீரும் ஊற்றிக் கொடுத்து, அந்தத் தொண்ணூறு கேன் கதையைச் சொல்லி முடித்து, "அவ்வளவுதான் இந்த இடம். பாத்துப் பொழைச்சுக்கோ" என்று தோளில் தட்டுவார். முதல் வாரம் பத்து நிமிடம் முன்னால் வந்துகொண்டிருந்த ஆள் மூன்றாவது வாரம் சரியான நேரத்துக்கு வருவார். இரண்டு மாதத்தில் பெருமூச்சு விடக் கற்றுக்கொள்வார். எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரின் பெருமூச்சும் ஒரே சுருதியில் இருக்கும்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்துக்குத்தான் மீரிம் என்ற பெண் வந்து சேர்ந்தாள். போர்சோக்கைச் சாப்பிட்டாள். கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் கைகளை அவர் முன்னால் நீட்டினாள். மலையிலிருந்து வரும் தண்ணீரில் ஒரே காலைப்பொழுது கேன் கழுவியதிலேயே விரல்கள் சிவந்து, தோல் வெடித்திருந்தது.

"அது கெடக்கட்டும் பைக்கே. இந்தத் தண்ணியைச் சுட வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லையா?"

எங்கள் ஊரில் மூத்த ஆண்களைப் பைக்கே என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்ட மரியாதையில் குறையில்லை, கேள்விதான் சரியில்லை.

"கேக்குறதா? இங்கயா?" பெய்ஷெனாலி மேசையைச் சுற்றிப் பார்த்தார். மேசை முறைப்படி சிரித்தது.

"புது இயக்குநரம்மா வாசல்ல ஒரு பெட்டி வெச்சிருக்காங்களே. எழுதிப் போட்டா என்ன?"

"போடு தங்கச்சி, நல்லாப் போடு. அந்தப் பெட்டிக்கு அடி கிடையாது, தெரியுமா? போட்டது நேரா அடுப்புக்குப் போகும். அடுப்பாவது சூடாகும்."

அவள் எழுதிப் போட்டாள்.

அடுத்த நாலு நாட்கள் பெய்ஷெனாலிக்குப் பண்டிகை. "என்ன, தண்ணி சுட்டுதா?" என்று காலையில் கேட்பார். "மெதுவா, மெதுவா, கையைச் சுட்டுக்காதே" என்று மாலையில் எச்சரிப்பார். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது அவருக்கு வேறு யோசனை ஓடியது. அந்தத் தண்ணீர் மட்டும் சுட்டுவிட்டால்? ஒரு துண்டுக் காகிதம் எழுதினாலே நடந்துவிடும் என்றாகிவிட்டால், இந்தப் பதினோரு வருடத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒரு பெண்ணின் கை ஆறக் கூடாது என்று தாம் வேண்டிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மதியம் மீரிம் ஓடி வந்தாள். இரண்டு கைகளிலும் ஆவி பறந்தது.

"சுயுஞ்சு! பைக்கே, சுயுஞ்சு!"

நல்ல செய்தியோடு வருபவர் இப்படிக் கத்தினால், கேட்பவர் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத மனிதர் என்று எங்கள் பக்கத்தில் யாரையும் கேள்விப்பட்டதில்லை. அன்று கேள்விப்பட்டோம்.

"முதல்ல நாலு நாள் போகட்டும். குழாய் ஒழுகாம இருக்கான்னு பாத்துட்டுத் தர்றேன்" என்றார் பெய்ஷெனாலி.

மேசை இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து ஓடிப்போய்க் கைகளை வெந்நீரில் விட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கூச்சல் போட்டது. அவர் மட்டும் பழைய குழாயிலேயே கழுவினார். மூன்று நாள் கழுவினார்! மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நாலாம் நாள் தேநீர் வேளையில் இயக்குநர் குல்சாய்ரா நேரில் வந்தார்.

"எல்லாருக்கும் வசதியா இருக்கா? கொதிகலன் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான இருக்கு? குழாய் வேற பதினஞ்சு வருஷமா கிடங்குல கிடந்திருக்கு. பழைய ஃபைலையெல்லாம் புரட்டிப் பாத்தேன், இந்தப் பிரிவுல இருந்து ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலை. சரி, இவங்களுக்குப் பச்சைத் தண்ணிதான் பிடிக்கும்போலன்னு விட்டிருக்காங்க." கொஞ்சம் நின்று, "ஏன் யாருமே கேக்கலை?" என்றார்.

பதினோரு பேரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள். மரியாதைக்காகத்தான் பெய்ஷெனாலி பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெய்ஷெனாலிக்கு இருந்தது. தமக்கு ஒருவர் நன்றி சொல்லாமல் விட்டார். தாமோ பன்னிரண்டு ஜோடிக் கைகளைப் பதினோரு குளிர்காலம் விறைக்க விட்டிருக்கிறார். இந்தக் கணக்கு அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை அவர் மீரிமைத் தேடிப் போனார். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த தம் ரப்பர் கையுறைகளை நீட்டினார். பிரிவிலேயே நல்ல கையுறை அது ஒன்றுதான்.

"இந்தா. சுயுஞ்சு."

"இப்ப எதுக்கு பைக்கே? தண்ணிதான் சுடுதே!"

"தெரியும். வாங்கிக்கோயேன்."

அவள் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு உறைக்குள்ளும் அவளுடைய இரண்டு கைகள் போகும். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அவர் பெருமூச்சில்லாமல் சிரித்ததை எங்களில் பலர் அன்றுதான் பார்த்தோம்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? போன வாரம் ஒரு புது ஆள் சேர்ந்தார். போர்சோக் வந்தது, தேநீர் வந்தது. "இங்க கேட்டா கிடைக்கும்ப்பா" என்றார் பெய்ஷெனாலி. சொல்லிவிட்டுச் சற்று யோசித்து, "ஆனா குழாய் ஒருநாள் ஒழுகத்தான் செய்யும்" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த இனத்தில் இவ்வளவு திருந்துவதே பெரிது.

இதைப் படிக்கும்போது உங்கள் அலுவலகத்து அனுபவஸ்தர் ஒருவர் கண்ணுக்குள் வந்து போயிருப்பார். சந்தோஷம். அவரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் இடத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரிடம், முதல் நாள் தேநீரின்போது, நீங்கள் என்ன சொன்னீர்கள்?

ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. அவருக்கு இருக்கும்.