கால்மிதிப் பஸ்

இனிமேல் பகலில் தூங்கிப் பிடிபடுவதில்லை என்று போர்டு டாக்டர் சபதம் எடுத்தார். தூங்குவதில்லை என்று அல்ல. பிடிபடுவதில்லை என்றுதான்.

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், எதனுடைய சர்க்யூட் போர்டு செத்தாலும் உயிர் கொடுத்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். கைராசிக்காரர்தான். ஆனால் மதியச் சாப்பாடு உள்ளே இறங்கினால் போதும், கண் சொக்கிவிடும். வேலை, தூக்கம் இரண்டும் வீட்டின் பின்னறையில். அந்த அறைமேல் மைத்துனனுக்கு ஒரு கண். அவன் டிரம்ஸ் பழகுகிறான். பழகுகிறான் என்பது அக்காவின் கட்சி. உடைக்கிறான் என்பது இவர் கட்சி.

“ஏங்க, அந்த ரூமை என் தம்பிக்குக் குடுங்களேன்.”

“விளையாடறியா? வேலை மலையாக் குவிஞ்சு கிடக்கு. அது முடியாம ஒரு அங்குலம்கூடத் தரமாட்டேன்.”

“குவிஞ்சு கிடக்கறது வேலையா, நீங்களா?”

“பார்த்துப் பேசு!”

“பார்த்துட்டுத்தான் பேசறேன். இன்னொரு தடவை நீங்க தூங்கறதைப் பார்த்தேன், வேலை இல்லைன்னு அர்த்தம். ரூம் அவனுக்கு.”

அப்போது எடுத்ததுதான் அந்தச் சபதம். மனிதர் வாசலிலிருந்து பின்னறை வரை எட்டுக் கால்மிதி போட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச். எட்டுக் கம்பிகளும் சுவரோரமாக வந்து, அவர் மேசைமேல் ஒரு போர்டில் எட்டுக் குட்டிச் சிவப்பு விளக்குகளை எரியவிடும்படி முடிந்தன. மனைவி எந்த மிதியில் கால் வைத்தாலும் அதற்கான விளக்கு எரியும். அவள் வந்து சேர்வதற்குள் எழுந்து, போர்டில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துவிடலாம்.

“என்னங்க இது, வீடு பூரா கம்பி?”

“இதுக்குப் பேரு பஸ்.”

“வீட்டுக்குள்ளேயா?”

“ஐயோ, டிஜிட்டல் பஸ்மா! சேதி போற வழி. விளக்கு எரிஞ்சா ஒண்ணு, எரியலைன்னா சைபர். ஒரு ஃபேக்டரிக்காக டெஸ்ட் பண்றேன்.”

“ஃபேக்டரியிலே கால்மிதி செய்யறாங்களா?”

“அது... சும்மா ஒரு உதாரணத்துக்கு.”

“நல்ல உதாரணம்” என்று சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார். மனுஷன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, காலை நீட்டி, கண்ணை மூடினார். அடுத்த நொடி துள்ளி எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டால் விளக்கை யார் பார்ப்பது?

மணி வைக்கலாமென்றால் அது அவளுக்கும் கேட்கும். வேறு வழியில்லை. நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது விளக்கு எரிந்தது. அயர்னைப் பிடித்தார். அணைந்தது. அயர்னை வைத்தார். ஆறாவது எரிந்தது. ஐயோ! மறுபடியும் பிடித்தார்.

அடுத்தடுத்த நாட்களில் நிலைமை இன்னும் மோசம். ஒன்று, ஐந்து, எட்டு, இரண்டு என்று விளக்குகள் ஓயாமல் சிமிட்டின. இவள் வீட்டுக்குள் நடக்கிறாளா, நொண்டி ஆடுகிறாளா? அயர்னைக் கீழே வைக்கவே நேரமில்லை. பிடித்த அயர்னைச் சும்மா பிடித்திருப்பானேன் என்று ஒரு போர்டை இழுத்து முடித்தார். பிறகு இன்னொன்று. அப்படியே வாரம் ஓடியது. கடைசி போர்டையும் முடித்து நிமிர்ந்தபோதும் எட்டு விளக்கும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார்.

மின்விசிறியடியில் சோபாவில் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டுக் கம்பிகளும் கால்மிதிகளிலிருந்து பிடுங்கப்பட்டுக் காற்றில் ஆடின.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஆள் மிதிக்காதபோது கம்பியைச் சைபரில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டரை மேசைப் பக்கம் வைக்காமல், கால்மிதிக்கு அடியில் வைத்துத் தொலைத்திருந்தார். கம்பியைப் பிடுங்கினால் அந்தப் பிடியும் போச்சு. எதிலும் ஒட்டாத கம்பி ஒன்று, சைபர், ஒன்று என்று வாய்க்கு வந்ததை உளறும். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு!

“கம்பியை யார் பிடுங்கினது?” என்று கத்தினார்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். “பெருக்கும்போது ஒண்ணு தடுக்கிச்சு. எட்டிப் பார்த்தா உங்க ரூம்ல விளக்கு ஜோரா ஆடுச்சு, நீங்களும் ஜோரா வேலை பார்த்தீங்க. சரின்னு மீதியையும் பிடுங்கிட்டேன்.”

“நீ மட்டும் தூங்கறே?”

“வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்தாப் போதாதா?”

“ஒரு வாரமா பொட்டுத் தூக்கம் இல்லைடி எனக்கு! குவிஞ்சு கிடந்த போர்டு அத்தனையும் முடிச்சுட்டேன். ஒண்ணுகூட பாக்கி இல்லை. இனிமே என்னைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது!”

அவள் எழுந்து உட்கார்ந்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“தம்பி, மாமாவுக்கு வேலையெல்லாம் முடிஞ்சு ரூம் காலியாயிடுச்சாம். டிரம்ஸை உள்ளே எடுத்துட்டு வா!”