ஒரே வீட்டில் ஏழு நோயாளிகள்

எண்ணத் தெரிந்தவனுக்கெல்லாம் கணக்குத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். நான் ஒரே ஒரு பெண்மணியை ஏழு பேராக எண்ணி, அந்த ஏழு பேரையும் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவன்.

எண்பதுகளின் தொடக்கம். பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் தங்கியிருந்தேன். ஒரு மருத்துவமனையில் மூன்று மாதத் தற்காலிக வேலை. நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு முடக்குவாதம் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். வீடு வீடாக விசாரிக்க ஆள் இல்லை. அதனால் பழைய நோயாளிக் கார்டுகளைப் புரட்டி, அந்த வியாதி எழுதியிருப்பதைப் பொறுக்கி எண்ண வேண்டும். வேலை நன்றாக இருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்வதாக டாக்டர் சிவநேசன் சொல்லியிருந்தார். இல்லையென்றால் பஸ் ஏறி மறுபடியும் செம்பனைக் காட்டுக்கு எண்ணெய்க்குலை வெட்டப் போக வேண்டியதுதான்.

கார்டு அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஐந்துக்கு வெளியே வருவேன். நடுவில் என் பக்கம் திரும்பிப் பார்ப்பது மேசை விசிறி ஒன்றுதான். (அதுவும் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.) அறைக்குத் திரும்பினாலும் அதே கதை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கடையில் "ஒரு சோறு" என்று சொன்னதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. தெரிந்த இடத்துக்கே நாலு பேரிடம் வழி கேட்டுக்கொண்டு நடப்பேன். யாராவது பதில் சொல்வார்கள் இல்லையா, அதற்காக.

டாக்டர் ஒரு விதி போட்டிருந்தார்: நோயாளியின் பெயரை எழுதக் கூடாது. கார்டு எண், ஆணா பெண்ணா, வயது, முகவரி, அவ்வளவுதான். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பெயர் இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் கார்டையே படிப்பேன். (இப்படி ஓர் உத்தமன் எந்த ஆபீசுக்குக் கிடைப்பான்!)

பத்தாவது வாரம் அந்த முகவரி கண்ணில் பட்டது. பிரிக்பீல்ட்ஸ்தான், என் அறையிலிருந்து இரண்டு சந்து தள்ளி. ஒரே வீட்டு எண்ணில் ஏழு கார்டுகள். ஏழும் பெண்கள். வயது நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பது வரை விதவிதமாக இருந்தது. ஏழு பேருக்கும் முடக்குவாதம். எனக்குப் புல்லரித்துவிட்டது. தண்ணீரா, சமையலா, பரம்பரையா? அன்றே அப்பாவுக்குக் கடிதம் போட்டேன், ஒரு வியாதியின் ஆணிவேரையே கண்டுபிடித்துவிட்டேன் என்று. அப்பா அதைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார்.

பட்டியலை டாக்டரிடம் நீட்டினேன். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏழும் வேற வேற ஆக்கள்தானே தம்பி? வடிவாப் பாத்தனீரோ?"

"ஏழு நம்பர், டாக்டர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப நேரில போய்ப் பாப்பம்."

மறுநாள் காலை வேன் கிளம்பியது. டாக்டர், இரண்டு நர்சுகள், இரத்தம் எடுக்க ஏழு குழாய்கள், வீட்டுக் குழாய்த் தண்ணீர் பிடிக்க ஒரு பாட்டில். வழிகாட்டியாக முன் சீட்டில் நான்.

கதவைத் திறந்தவர் ஒரு பெண்மணி; பிலோமினா ஆன்ட்டி என்று பிறகுதான் தெரியும். கழுத்தில் ஜெபமாலை. விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கிரில் கதவை முழங்கையால்தான் தள்ளினார்.

"அலமாக்! டாக்டரே வந்துட்டாரா? வாங்க, வாங்க. எல்லாரும் பசியாறிட்டீங்களா?"

"மற்ற ஆக்கள் எங்கை?" என்றார் டாக்டர்.

"மத்த ஆளா? எங்க அண்ணன் ஒருத்தரு, ரயில் ஓட்டுறாரு. வடக்க போனா நாலு நாள் ஆகும் திரும்பி வர."

"பொம்பளைங்க?" என்று நான் கேட்டேன்.

"பொம்பளை நான் ஒருத்திதான் லா."

நான் விடவில்லை. சமையலறை வரை எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் தேடாத குறைதான். அங்கே கழுவி வைத்த ஒரு தட்டு, ஒரு கோப்பை, இழுத்துப் போட்ட ஒரு நாற்காலி. டாக்டருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. "உங்களிட்ட எத்தனை ஆஸ்பத்திரிக் கார்டு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். ஆன்ட்டி ஒரு பிஸ்கட் டின்னை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறக்க விரல் வளையவில்லை, நான்தான் திறந்தேன். உள்ளே கவுண்டரில் கையில் கொடுத்தனுப்பும் சின்னக் கார்டுகள் ஏழு, ஏழிலும் ஒரே பெயர். என் கட்டைவிரல் பத்து வாரமாக மறைத்து வைத்திருந்த பெயர்.

"தொலைச்சுத் தொலைச்சுப் புதுசு போட்டீங்களா ஆன்ட்டி?" என்று ஒரு நர்ஸ் கேட்டார்.

"தொலைக்கலம்மா. பழைய கார்டை நீட்டினா 'உக்காருங்க'ன்னு ஒரே வார்த்தைதான். கார்டு இல்லன்னா, பேரு என்னா, வயசு என்னா, வீட்டுல எத்தனை பேரு, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு அந்தக் கவுண்டர் பொண்ணு அஞ்சு நிமிஷம் கேட்டுக்கிட்டே இருக்கும். வேற யாரு என்னை இதெல்லாம் கேக்கிறா?"

வெட்கத்தில் செத்துப்போயிருக்க வேண்டிய நான் அந்த ஏழு கார்டையும் ஒவ்வொன்றாக அடுக்கி டின்னுக்குள் வைத்தேன். தெரிந்த இடத்துக்கு வழி கேட்கிறவன் நான். எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

ஏழு குழாயில் ஒன்று நிறைந்தது. தண்ணீர் பாட்டில் காலியாகவே திரும்பியது. வேனில் டாக்டர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "தம்பி, ஆக்களை எண்ணும். கார்டை எண்ணாதையும்."

எல்லாவற்றையும் பெயரோடு ஒப்பிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும், அதற்கு இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று என்னையே வைத்துக்கொண்டார். (வேலை நன்றாக இருந்தால்தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்!) பந்திங்கில்தான் தலைகாட்ட முடியவில்லை. லயத்தில் என் பெயரே 'ஏழு பொம்பளை' என்று ஆகிவிட்டது.

கார்டு அறையில் ஆன்ட்டியின் ஏழு கார்டுகளையும் நானே ஒரே எண்ணில் சேர்த்துக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: இனி அவருக்குக் கவுண்டரில் "உக்காருங்க" மட்டும்தான். அதனால் அவர் வரும் நாளில் ஒரு வெள்ளைத்தாளோடு மேலே ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாக் கேள்வியையும் கேட்பேன். வயது ஒவ்வொரு முறையும் மாறும்.

"அவசரம்னா யாரைக் கூப்பிடணும் ஆன்ட்டி?"

"உன் பேரையே போடு லா. நீதானே கிட்ட இருக்கே?"

போட்டேன். அந்த ஊரில் என் பெயரை யாரும் அப்படி எழுதச் சொன்னதில்லை.

பின்னாளில் இந்தக் கதை என் மனைவிக்கும் மகளுக்கும் வாய்க்குக் கிடைத்த அவல். சொன்ன குறையையே நான் திரும்பச் சொன்னால், "புது கார்டு போடவா?" என்பார்கள். இப்போது மனைவி இல்லை. மகள் மெல்பர்னில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போனில் கூப்பிடுவாள். போன வாரம் சொன்ன முழங்கால் வலியையே இந்த வாரமும் சொல்வேன்.

"அப்பா, புது கார்டு போடவா?" என்று சிரிப்பாள்.

"போடு."

"பேரு?" சொல்வேன். "வயசு?" இரண்டு குறைத்துச் சொல்வேன். "வீட்டுல எத்தனை பேரு?" "ஒருத்தர்."

"அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?"

அதற்கு மட்டும் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். சொல்லிவிட்டால் கார்டு முடிந்துவிடும்.