பத்து மணிக்கு ரெண்டு கிளாஸ்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாகா இரண்டு வகுப்பில் இருந்தாக வேண்டும். கீழ்த்தளத்தில் பி.பி.ஏ. மூன்றாம் வருஷத்துக் காஸ்ட் அக்கவுண்டிங். மாடியில் எம்.பி.ஏ. முதல் வருஷத்து மார்க்கெட்டிங். வியாழக்கிழமையும் இதே கூத்து.

ஐந்து வருஷப் படிப்பை நாலே வருஷத்தில் முடித்து இரண்டு பட்டத்தையும் சேர்த்துத் தருகிறோம் என்று செங்கல்பட்டுப் பக்கத்தில் அந்தக் கல்லூரி 2002-ல் விளம்பரம் செய்தபோது ஏழு பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் வருஷ டைம்டேபிளைப் பார்த்ததும் ஆறு பேர் சத்தம் போடாமல் சாதாரணப் படிப்புக்கு மாறிக்கொண்டார்கள். விசாகா மாறுவதாக இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் வீட்டில் அப்பா வெங்கடராகவன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நாலு வருஷம் படி. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. கல்யாணம்தான்."

ஏதாவது ஒரு வகுப்பில் வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஐந்து வருஷப் படிப்பில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் எம்.பி.ஏ.வை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆபீசில் போய் முறையிட்டாள். பி.பி.ஏ. துறையும் எம்.பி.ஏ. துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லையாம்.

"நீ ஏம்மா இப்டி அவசரப்படற?" என்றார் கிளார்க்.

அவசரப்படுவதற்காகத்தானே அந்தப் படிப்பே! பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முதலில் பாதிப் பாதியாகப் பார்த்தாள். கீழே ராஜாராம் சார் ஆரம்பத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பார். மாடியில் மார்கரெட் மேடம் கடைசியில் எடுப்பார். பத்தரைக்கு நைசாக நழுவி மாடி ஏறினாள். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. மூன்றாவது வாரம் ராஜாராம் சார், "பாதியில யாரோ எழுந்து போறீங்க. இனிமே நானும் கடைசியிலதான் எடுப்பேன்" என்று அறிவித்தார்.

விசாகா தோழி ஃபைஸாவைப் பிடித்தாள்.

"என் பேரைக் கூப்பிட்டா நீயே 'யெஸ் சார்' சொல்லிடுடீ."

"மாட்டிக்கினா?"

"அவர் வந்தே ஒரு மாசம்தான் ஆறது. ரிஜிஸ்டர விட்டுத் தலைய நிமிர்த்தறதே இல்ல."

அன்றைக்கென்று நிமிர்த்தினார். "யெஸ் சார்" சொன்ன ஃபைஸாவைப் பார்த்து, "விசாகா, மணி அடிக்கறதுக்குள்ள வந்து இந்தக் கணக்கப் போடு" என்றார். ஃபைஸா போட்டாள். அதையும் சரியாகப் போட்டுத் தொலைத்தாள். ராஜாராம் சார் பூரித்துப்போனார். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது.

"இனிமே அவருக்கு நான்தான் விசாகா. அப்ப ஃபைஸாவுக்கு யாரு 'யெஸ் சார்' சொல்றது?" என்றாள் ஃபைஸா.

நியாயமான கேள்வி. விசாகா மணி அடிக்கும்வரை கீழேயே உட்கார்ந்து, ஃபைஸாவாக வருகை கொடுக்க வேண்டியதாயிற்று. மாடியில் அவள் பெயருக்கு வரிசையாக ஆப்சென்ட் விழுந்தது. ஒரு மாசத்தில் எழுபத்தாறு சதவீதத்துக்கு வந்து நின்றது.

போதாக்குறைக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்கு ராஜாராம் சார் 'விசாகா'வின் பெயரைக் கொடுத்துவிட்டார். விசாகாவாக ஃபைஸா போனாள், துணைக்கு விசாகாவும் போனாள். பட்டியலில் தன் மாணவியின் பெயரைப் பார்த்து மார்கரெட் மேடமும் வந்துவிட்டார்.

"இதான் மேடம் எங்க விசாகா. தங்கமான பொண்ணு" என்று ஃபைஸாவைக் காட்டினார் ராஜாராம் சார்.

"இவ விசாகா இல்லையே!" என்றார் மேடம்.

ஃபைஸா பேனருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். விசாகா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். இதற்கு மேல் ஒளிந்து என்ன ஆகப்போகிறது? முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் மேடம் விசாகா. தப்பெல்லாம் என்னோடது." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "என்ன தண்டனை வேணா குடுங்கோ. கோர்ஸ விட்டு மட்டும் எடுத்துடாதீங்கோ. ராத்திரி பகல்னு பாக்காம படிச்சு நாலு வருஷத்துல முடிச்சுக் காட்டறேன்."

மார்கரெட் மேடத்தின் முகத்தில் இரக்கம் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஆள் மாறாட்டம்னா சும்மா விட முடியாது. நடந்தது உங்க கிளாஸ்ல. நீங்கதான் பிரின்சிபாலுக்கு எழுதணும் சார். இங்கயே எழுதி, பேரப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அந்தக் கடிதம் போனால் விசாகாவின் எம்.பி.ஏ. அன்றோடு சரி. அவள் கண்ணில் நீர் முட்டியது. ராஜாராம் சார் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஏ.சி. ஹாலில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எழுதுங்க சார். என்ன யோசனை?"

பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்த பி.பி.ஏ. துறை அட்டெண்டர் தேவசகாயம் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவரு எப்டி மேடம் கையெழுத்து போடுவாரு? ராஜாராம் சாருக்கு அதே பத்து மணிக்கு இன்னொரு காலேஜுல கிளாஸு கீது, இவரு அவரோட தம்பி!"