பணிமூப்பு பெற்ற நெல்லி

நெல்லிக்கன்றை நட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். அதை முறைப்படி நிர்வகித்தவர் ஒருவரே. அந்தப் பெருமகனாரைத் தெருவே 'சூப்பிரண்டு' என்று அழைக்கிறது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் பதவி அவரை விட்டுப் போக மறுத்தது. அவரும் அதை மனம் நோக விரட்டவில்லை. மனைவி "என்னங்க" என்று நாலு முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. "சூப்பிரண்டு சார்" என்றால் பக்கத்து வீட்டிலிருந்துகூடத் திரும்பிப் பார்ப்பார்.

கன்றைக் கொண்டுவந்தவர் மனைவி, தையல்காரம்மா. நாற்றுப்பண்ணைக்காரர் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் அவர் ஒரு நெல்லிக்காயைக் கையில் கொடுத்தார். எலுமிச்சை அளவு. நாரே இல்லை. தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டை முழுக்க இனித்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் தனக்கென்று எதையும் கேட்டறியாத அந்த அம்மாளுக்கு அன்றைக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அதுதான் கடைசிக் காய்; தாய்மரம் முந்தின வாரப் புயலில் சாய்ந்து போயிருந்தது. அதிலிருந்து கட்டிய ஒட்டுக்கன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஐந்து நடை நடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார்.

"ஒரே பிள்ளைம்மா இது, பத்திரம்," என்று சொல்லி அனுப்பினார் பண்ணைக்காரர். "கீழ இருக்கிறது காட்டு நெல்லி. வெறும் வேருக்குத்தான். மேல இருக்கிறதுதான் சரக்கு. ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா யோசிக்காம கிள்ளிப் போட்டுடுங்க."

தையல்காரம்மா மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். சூப்பிரண்டு தடுத்தாட்கொண்டார்.

"குழி தோண்டறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் போட வேண்டாமா?"

"ரெண்டடி குழி. அதுக்கு எதுக்குங்க கூட்டம்?"

"ரெண்டடிதான்னு எந்தக் கூட்டத்துல முடிவாச்சு?"

இப்படியாக 'நெல்லி வளர்ச்சி ஒருங்கிணைப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் சூப்பிரண்டு. உறுப்பினர் தையல்காரம்மா. தொழில்நுட்ப ஆலோசகர், அடுத்த தெருவில் குடியிருக்கும் மாப்பிள்ளை. கணினி நிறுவனத்தில் என்னவோ வேலை, என்ன வேலை என்று அவருக்கும் இன்னும் தெளிவாகவில்லை. குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் குழியின் நீளம் ஏற்கப்பட்டது. இரண்டாவதில் அகலம். மூன்றாவது கூட்டம் ஆழத்தைப் பற்றி ஆழமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, உறுப்பினர் எழுந்துபோய்க் குழியைத் தோண்டி, தொழுவுரம் கலந்த மண்ணைப் போட்டு, ஒட்டு மண்ணுக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி கன்றை நட்டுவிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். தலைவர் அதற்குப் 'பின்னேற்பு' வழங்கினார். பெருந்தன்மை என்றால் அதுவல்லவா!

மாப்பிள்ளை தன் பங்குக்கு மண்ணில் ஒரு கருவியைச் செருகினார். அது செடியின் மனநிலையைக் கைபேசிக்குச் சொல்லும்.

"பாருங்க மாமா, 'மகிழ்ச்சி'ன்னு காட்டுது."

"எதுக்கு மகிழ்ச்சியாம்?"

"அது பணம் கட்டினாத்தான் சொல்லும் மாமா."

ஆறு மாதம் போனது. ஒட்டு இரண்டு சாண் வளர்ந்து இலை விசிறியது. தையல்காரம்மா தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தையல் இயந்திரத்தில் உட்கார்வார். அந்த நேரத்தில்தான் அவருடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. நாலு நாள் போக வேண்டியிருந்தது. வாசலில் நின்று, "கீழ துளிர் வந்தா கிள்ளிடுங்க. மேல கை வெச்சுடாதீங்க," என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே வந்துவிட்டது துளிர். ஒட்டுக்குக் கீழே, செக்கச் செவேலென்று. கிள்ளுவதற்காகக் குனிந்த சூப்பிரண்டின் விரல்கள் அப்படியே நின்றன. முப்பத்தேழு ஆண்டு அனுபவம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"மாப்ளே," என்றார். "இந்தச் செடியில யார் சீனியர்?"

"புரியலை மாமா."

"வேர் எப்ப முளைச்சுது? ரெண்டு வருஷம் முன்னாடி. ஒட்டு எப்ப வந்து சேர்ந்துது? போன வருஷம். நேத்து வந்தவன் மேல உக்காந்துக்குவான். ஆரம்பத்துலேர்ந்து மண்ணுக்குள்ள கெடந்து உழைச்சவன் தலையெடுத்தா கிள்ளிப் போடணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

அவர் கண்கள் கலங்கின. பொய்யில்லை. எங்கிருந்தோ நேரடி நியமனத்தில் வந்த ஒரு பொடியன் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்க, பத்தொன்பது ஆண்டுகள் அதே நாற்காலியில் காத்துக்கிடந்தவர் அவர். அந்த வலி இன்றைக்கும் ஆறவில்லை.

"ஆனா அத்தை சொன்னாங்களே மாமா..."

"வாய்மொழியாச் சொன்னாங்க. எழுத்துல இருக்கா?"

இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அன்று பகல் பதினொன்றரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், சாட்சி முன்னிலையில், தையல்காரம்மாவின் கத்தரிக்கோலாலேயே ஒட்டு 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது'. கீழ்த்துளிருக்குப் பதவி உயர்வு. மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்தார்.

"இப்பவும் 'மகிழ்ச்சி'தான் மாமா."

"பாத்தியா? நியாயம் நடந்தா செடிக்கே தெரியுது."

நான்காம் நாள் காலை தையல்காரம்மா திரும்பினார். பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைக்குப் போனார். சூப்பிரண்டு எட்டிப் பார்த்தபோது, அந்த அம்மாள் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அழவில்லை. எழுந்து, நேரே போய்ப் பண்ணைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

பண்ணைக்காரர் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"பதறாதீங்கம்மா. வேர் நல்லாத்தான் இருக்கு. வெட்டின கிளையில ஒரே ஒரு கண்ணு பச்சையா இருந்தாப் போதும், திரும்ப ஒட்டிடலாம். எப்ப வெட்டினீங்க சார்?"

"முந்தாநேத்து, பதினொன்னரை."

"ரெண்டு நாள்தானே, தாங்கும். எங்க போட்டீங்க?"

"போடறதா?" சூப்பிரண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னைப் பத்தி என்ன நெனச்சீங்க? நான் எதையும் கண்ட இடத்துல போடறவன் இல்லை."

உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. தையல்காரம்மாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. சூப்பிரண்டு இரண்டு கைகளிலும் ஏந்தியபடி வந்தார்: புத்தம் புதுக் கோப்பு. மேலே பெயர், எண், தேதி. சிவப்பு நாடாவை அவிழ்த்துப் பெருமிதத்தோடு விரித்தார். அதற்குள், நாலு தடித்த பேரேடுகளின் கனத்தில் நசுங்கிச் சருகாகி, இரண்டு இடத்தில் துளையிடப்பட்டு, கையெழுத்திட்ட சீட்டுடன் முறையாகக் கோக்கப்பட்டிருந்தது அந்தக் கிளை. பண்ணைக்காரர் நுனி விரலால் தொட்டார். ஒடிந்து தூளாக உதிர்ந்தது.

"எருக்குழியில வீசியிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும் சார்," என்றார். "பைல்ல வெச்சுட்டீங்களே."

சூப்பிரண்டு விதிப் புத்தகத்தைத் தேடி அலமாரிப் பக்கம் திரும்பினார். தையல்காரம்மா கோப்பை மெல்ல வாங்கி, உதிர்ந்த இலைத் தூள் சிந்தாமல் மூடி, நாடாவைக் கட்டி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"முப்பத்தேழு வருஷம் நாற்காலியில இருந்தீங்களே," என்றார். "உங்களை நம்பி மனு குடுத்தவங்க எத்தனை பேரை இப்படிப் பத்திரமா வெச்சீங்க?"