முதல் மூன்று அங்குலம் இல்லாத டேப்

புனேயின் பாணேர்ப் பகுதியில் டேப் காகா அளக்காத பொருள் ஒன்று இருந்ததென்றால், அவர் குடிவருவதற்கு முன்பே அதை யாராவது இடித்திருக்க வேண்டும்.

வடாபாவின் குறுக்களவு, பஸ் படியின் உயரம், லிஃப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி (மூன்றாம் மாடியில் மட்டும் முக்கால் அங்குலம்), பக்கத்து வீட்டு நாயின் வால் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு இருந்தது. வாலுக்கு இரண்டு அளவு. ஆட்டும்போது ஒன்று, ஆட்டாதபோது ஒன்று.

காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. அவருடைய பெயரை நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் எதையாவது அளக்கத் தொடங்கிவிடுவார்.

மொபைலில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவு வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்திருந்தேன். பிறர் செய்ததில் தப்பு கண்டுபிடித்து வரிசை எண் போட்டு எழுதுவதுதான் வேலை. குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வெளியே ஒரு குரல் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தது. "முப்பத்தேழு... முப்பத்தேழரை..." கதவைத் திறந்தேன். காக்கி பேண்ட் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் என் செருப்பு ஸ்டாண்டின் முன்னால் குந்தியிருந்தார். நிமிர்ந்து மராத்தியில் ஏதோ கண்டித்தார்.

"எனக்கு மராத்தி தெரியாதுங்க" என்றேன்.

"அட, நம்ம ஜனமா!" என்று முகம் மலர்ந்தவர், அதே மலர்ச்சியோடு, "ஸ்டாண்டு ஒன்றர இஞ்சு வழியில வந்துகினு கீதும்மா. உள்ள தள்ளு" என்றார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"கட்கி."

"இல்லீங்க, தமிழ்நாட்டுல?"

"அதான் சொல்றனே, கட்கி. எங்க தாத்தா வேலூர்ப் பக்கத்துலேர்ந்து ஃபேக்டரி வேலைக்கு வந்துட்டாரு. அப்பறம் நான் எங்க போறது?"

கட்கி புனேயின் இன்னொரு மூலை. அவரும் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில்தான் முப்பத்தைந்து வருடம் இருந்தார், இன்ஸ்பெக்ஷன் பிரிவில். வந்த உருப்படியை அளப்பார். சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். நடுவில் எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு உருப்படிகள் அவரைத் தேடி வருவது நின்றுபோனது. அதனால் அவர் உருப்படிகளைத் தேடிப் போக ஆரம்பித்தார்.

எங்கள் குடியிருப்புச் சொசைட்டி சேர்மனின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மரியாதைக்காகக் காகாவையும் அழைத்தார்கள். அதற்காகச் சேர்மன் வாழ்நாள் முழுக்க வருந்தினார். ஜாதகத்தோடு வந்த விவரத்தாளில் மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். காகா அவல் போஹா தட்டைக் கீழே வைத்தார். "கொஞ்சம் சுவரோரமா நில்லுங்க தம்பி." பையன் ஏனென்று தெரியாமல் நின்றான். ஐந்தடி ஏழேகால். பையன் மெல்ல, "ஷூ போட்டிருந்தா..." என்றான். பெண் சிரித்த சிரிப்பில் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை அவளே கொண்டுவந்து காகாவின் கையில் கொடுத்தாள். சேர்மன் மட்டும் அந்த ஒன்றேமுக்கால் அங்குலத்தை மன்னிக்கவில்லை.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஃகு டேப். அதன் முதல் மூன்று அங்குலம் எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. எதை அளந்தாலும் மூன்றைக் கழித்துத்தான் சொல்வார். புதிது வாங்கக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"புதுசுல எவ்ளோ தப்பு கீதுன்னு எவனுக்குத் தெரியும்? இதுல மூணு இஞ்சுன்னு எனக்குத் தெரியும்."

இதற்குப் பின்னால் அவருடைய பிரிவின் வழக்கம் ஒன்று இருந்தது. ரிப்போர்ட்டின் முதல் வரியில் அளக்கும் கருவியின் கோளாறை எழுத வேண்டும். உன் பக்கத்துத் தப்பை எழுதிய பிறகுதான் அடுத்தவன் செய்த உருப்படியில் கை வைக்கலாம். காகா இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "மொத லைன்: நான் லேட்டா வந்தேன், என் தப்பு. ரெண்டாவது: கொழம்புல உப்பு இல்ல." அவர் மனைவியை எல்லோரும் காகு என்போம். காகு கரண்டியை ஆட்டிக்கொண்டே, "மொதல்ல அந்த மொத லைன முடி. நாலு மணிக்கு வரேன்னியே, எங்க போன?" என்பார். இரண்டாவது வரிக்குப் பேச்சு போனதே இல்லை.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு நோட்டீஸ் வந்தது.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு காலியிடம். நகர வரைபடத்தில் அதற்குப் பச்சை நிறம், தோட்டத்துக்கென்று ஒதுக்கியது. நேரில் பார்த்தால் முள்செடி, இரண்டு எருமை, விடுமுறை நாட்களில் கிரிக்கெட். இந்த இடத்தைத் தோட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஒரே வரிசையாகக் காய்கறிக் கடைகள் கட்டப்போவதாக நோட்டீஸ் சொன்னது. காரணமும் எழுதியிருந்தது. நாற்பதடி அகலம் இருக்க வேண்டிய இடம் நேரில் முப்பத்தாறடிதான் இருக்கிறது, தோட்டத்துக்குப் போதாது. ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம், நேரில் விசாரணை நடக்கும்.

பார்க்கிங் ஷெட்டில் கூட்டம் கூடியது. ஷெட்டின் ஓரத்தில் ஒரு கல் உண்டு. கட்டடம் வந்த ஆறு வருடமாக எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டினார்கள். சேர்மன் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று இந்தியில் முழங்கினார். "ஒரு அங்குல நிலத்தைக்கூட விட மாட்டோம்! லெட்டரை நம்ம டெஸ்டிங் மேடம் எழுதுவாங்க."

பட்டியல் போடச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பதினோரு காரணம் எழுதினேன். லாரி, இரைச்சல், மழைநீர் என்று போய், பதினோராவதாகப் பறவைகள். அங்கே நான் பார்த்த பறவை காக்கை மட்டும்தான். ஆனால் பன்மையில் எழுதினால் கம்பீரமாக இருந்தது.

கையெழுத்து வாங்கக் காகாவிடம் போனேன். படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மொத லைன் எங்க?"

"எந்த லைனுங்க?"

"நம்ம தப்பு."

"நாம ஒரு தப்பும் பண்ணலீங்களே காகா."

"அளந்தியா?"

நான் தாளைத் திரும்ப வாங்கி மடித்தேன்.

"எடம் நாலு அடி கம்மின்னு எழுதிகிறான். அந்த நாலு அடி எங்க போச்சு? பஸ் ஏறி சாகண் ஊருக்குப் போயிடுச்சா? வா."

டேப்பின் ஒடிந்த முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் ஷெட்டுக்குள் நடந்தார். செருப்பு மாட்டும் கல்லின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தார். உள்ளிருந்து சர்வே அடையாளம் எழுந்து வந்தது. அதுதான் எல்லைக்கல். அங்கிருந்து காம்பவுண்டு சுவர் வரை அளந்தோம். நாலடி மூன்று, கழித்தால் நாலடி. தோட்டத்தின் நாலடி அகலத்தை எங்கள் ஷெட் அதன் நீளம் முழுவதும் விழுங்கியிருந்தது. நடுவே, தலை முதல் வால் வரை மாநகராட்சி நிலத்தில், சாதுவாக என் ஸ்கூட்டி நின்றது.

சேர்மனுக்கு விஷயம் போனது. "காகா, நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று இரைந்தார். "ஒரு அங்குலம் விட மாட்டேன்னு அந்தக் கல்லு மேல நின்னுதானே பேசினேன்!"

"நீங்க நின்ன எடமே நம்முது இல்ல சாகேப்" என்றார் காகா பணிவாக.

சொசைட்டி கடிதத்தில் அந்த வரியை எழுதக்கூடாது என்று முடிவானது. காகா தன் பெயரில் தனியாக ஆட்சேபணை போடுவதென்று முடிவுசெய்தார். அதை டைப் அடிக்க வேண்டியவள் நான். மாலையில் தரைத்தளத்தில் இருந்த அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தயங்கிக்கொண்டிருந்தேன்.

"நாம சொல்லாட்டி யாருக்குங்க தெரியப்போகுது? நாமளே கேஸைக் கெடுத்த மாதிரி ஆயிடாதுங்களா?"

"எனக்குத் தெரியும்ல? பொய்யா பாஸ் பண்ண மால் என்னிக்காவது எவன் கையிலயாவது வெடிக்கும். நாங்க ஃபேக்டரில பண்ணது பலூன் இல்லம்மா."

காகு சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ஜன்னலைக் காட்டினார். "கட்கி குவார்ட்டர்ஸ்ல இந்த மாதிரிதான் ஒரு ஜன்னலு. தொறந்தா ஃபேக்டரி செவுரு. முப்பத்தஞ்சு வருசம் அந்தச் செவுரப் பாத்துகினே சப்பாத்தி போட்டேன். ரிடையர் ஆனதும் இந்தாளு ஒரு மேப்ப எடுத்தாந்து, 'பாரு, பச்ச கலரு, உன் ஜன்னலுக்கு நேரா மரம் வரும்'னாரு. அந்தப் பச்சைக்கோசரம்தான் இங்க வந்தது."

"கடை கட்டிட்டாங்கன்னா?"

"இன்னா, மறுபடியும் செவுரு. எனக்குப் பழக்கம்தான்" என்று சிரித்தார்.

காகா சிரிக்கவில்லை. தட்டில் விழுந்த சப்பாத்தியை அவர் அளக்காமல் சாப்பிட்டதை நான் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

டைப் அடித்தேன். என் ஸ்கூட்டிக்கு எதிராக, என் கையாலேயே.

விசாரணை நாளன்று மாநகராட்சி அலுவலக வராந்தாவில் நாற்பது பேர் நின்றோம். கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடியோடு ஓர் அதிகாரி அம்மாள். அன்று காலையிலிருந்து எத்தனை பேரின் பறவைகளைக் கேட்டாரோ, முகத்தில் உயிரே இல்லை. சொசைட்டி கடிதத்தை வாங்கி அடியில் செருகினார். பிறகு காகாவின் தாளை எடுத்தார். கண்ணாடி மூக்குக்கு ஏறியது. ஆங்கிலத்தில் இருந்ததை மராத்தியில் உரக்கப் படித்தார்.

"'ஒன்று: என் டேப்பில் முதல் மூன்று அங்குலம் இல்லை, கழித்திருக்கிறேன். இரண்டு: எங்கள் ஷெட் உங்கள் நிலத்தில் நாலடி உள்ளே இருக்கிறது.'" நிமிர்ந்தார். "காகா, உங்க மேல நீங்களே புகார் குடுத்திருக்கீங்க?"

"அளவு மேடம். புகார் இல்ல."

"ஒடைஞ்ச டேப்பை நான் எப்படி நம்பறது?"

காகா அனுமதி கேட்காமல் அவருடைய மேசையை அளந்தார். "நாலடி ஏழே அரைக்கால்." பியூனை அனுப்பி வேறோர் அறையிலிருந்து மர ஸ்கேல் கொண்டுவரச் செய்தார் அந்த அம்மாள். பியூன் வைத்து வைத்து அளந்தார். நாலடி ஏழே அரைக்கால். வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள். சேர்மன்தான். தட்டிய பிறகுதான் தன் கட்சி எதுவென்று அவருக்கு நினைவு வந்தது.

அந்த அம்மாள் கோப்பைத் திறந்து, முப்பத்தாறு என்ற எண்ணின் மேல் பேனாவை வைத்தார். "அந்த நாலடி திரும்பக் கிடைச்சா நாற்பது ஆயிடும். நாற்பது ஆயிட்டா, போதாதுங்கற காரணம் இல்ல." பேனாவை மூடினார். "இடத்தை நேர்ல வந்து பார்க்கறேன். அடுத்த வாரம்."

கோப்பில் ஏறிவிட்டதை இனி மறைக்க முடியாது. அவர்கள் வந்து இடிப்பதைவிட நாமே பிரித்துவிடலாம் என்று சேர்மன் அறிவித்தார், அது ஏதோ முதலிலிருந்தே அவருடைய யோசனைபோல. ஞாயிற்றுக்கிழமை காகா ஸ்பேனரோடு தகரத்தின் மேல் ஏறினார். சேர்மன் ஏணியைப் பிடித்துக்கொண்டு இந்தியிலும் மராத்தியிலும் திட்டினார். "அஹோ காகா, விழுந்து தொலைச்சா அந்தப் பழியும் என் தலையிலயா? இடது காலை வைங்க! இடது!" கூலிக்கு ஆள் வைத்துச் சுவரை உள்ளே நகர்த்திக் கட்டினோம். அதிகாரி அம்மாள் தன் ஆட்களின் டேப்பை வைத்து அளந்தார், பிறகு, "உங்களுடையதையும் வைங்க காகா" என்றார். இரண்டும் நாற்பது. காகா ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு கடை யோசனை கைவிடப்பட்டதென்று தாள் வந்தது. அடுத்த மழைக்கு மாநகராட்சி ஆட்கள் கன்று நட்டார்கள். ஜன்னலுக்கு நேராகக் காகாவே இடம் குறித்துக் கொடுத்த புங்கங்கன்று, இரண்டடி உயரம்.

காகு ஜன்னலைத் திறந்தார். நானும் காகாவும் பின்னால் நின்றோம்.

"எங்க மரம்? செவுருதான தெரியுது?"

நகர்த்திக் கட்டிய காம்பவுண்டு சுவர். முன்பைவிட நாலடி கிட்டே, ஐந்தடி உயரத்தில், புது வெள்ளையடிப்போடு பளபளத்தது. அதன் பின்னால் எங்கோ இரண்டடிக் கன்று. பாணேரையே அளந்த மனிதர் தன் மனைவியின் கண் உயரத்தை மட்டும் அளக்கவில்லை.

காகா குனிந்து காகுவின் கண் உயரத்துக்கு வந்து பார்த்தார். பிறகு, "மொத லைன்: என் தப்பு" என்றார் காகா.

"ரெண்டாவது லைன் இன்னா?" என்றார் காகு.

இரண்டாவது வரியாக மறுநாள் பதினெட்டு அங்குலத்தில் ஒரு ஸ்டூல் வந்தது. காகு அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்து, "கீது, கீது, நாலு எல கீது" என்றார். மரம் வளர வளர, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் காகா ஸ்டூலின் காலில் இரண்டு அங்குலம் அறுத்தார். நான் வேறு வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன பிறகு ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். காகு தரையில் நின்றபடி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார், ஜன்னல் நிறையப் புங்கை. ஸ்டூல் மணை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதில் உட்கார்ந்து காகா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், காம்புகளை ஒரே நீளத்தில்.

அவருடைய வழக்கப்படி இந்தக் கட்டுரையின் முதல் வரியில் வந்திருக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். அளந்த கருவியில் கோளாறு உண்டு. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். எவ்வளவு கழித்துக்கொண்டு படிக்க வேண்டும் என்றுதான் இன்னும் என்னால் அளக்க முடியவில்லை.