ரேடியேட்டருக்கு நானே டாக்டர்

இனி காரைப் பழுதுபார்க்க எந்தப் போமனிடமும், அதாவது மெக்கானிக்கிடமும், கொடுப்பதில்லை என்று அன்று காலை முடிவெடுத்தேன். சனிக்கிழமை. ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில், காருக்கடியில் பச்சைத் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. ரேடியேட்டரின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

மறுநாள் பத்து மணிக்கு சிலிம் ரிவரில் என் கொழுந்தியாள் செரீனாவுக்கு நிச்சயதார்த்தம். மோதிரத் தட்டைத் தூக்க வேண்டியவள் என் மனைவி ஜோசலின்.

"போமன்கிட்ட கொண்டு போலாம்லா," என்றாள்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"அதான் பயமா இருக்கு."

"இந்தக் கார் ஒழுகுது. அதுக்கு ஒழுக்கம் கத்துக் கொடுக்கப் போறேன்."

"போன மாசம் குளியலறைக் குழாய்க்குக் கத்துக் கொடுத்தீங்க. மூணு நாள் பக்கத்து வீட்டுல குளிச்சோம்."

இதைக் கேட்ட பிறகு பின்வாங்க முடியுமா? குழாய்களைக் கழற்றினேன். போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒரு போல்ட் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ரேடியேட்டரை வெளியே தூக்கி, விரிசலை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு ட்யூப் பசையையும் கலந்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவினேன். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்பக் காயும்?"

"பாக்கெட்டுல ஒரு நாள்னு போட்டிருக்கு. நம்ம வெயிலுக்கு சாயங்காலமே காஞ்சிடும்."

ஜோசலின் ரேடியேட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திடீரென்று முகம் கனிந்தது.

"பாவம், களைச்சுட்டீங்க. சாப்ட்டுப் படுங்க. இத நான் பாத்துக்கறேன்."

பதினெட்டு வருட இல்லறத்தில் இப்படியொரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு தட்டு சோறு, மீன் கறி. நாலு மணி நேரம் தூங்கினேன்.

எழுந்து பார்த்தால் ரேடியேட்டர் மின்னியது.

"என்னா, புதுசு மாதிரி இருக்கு?"

"டேப்பு சுத்துன இடத்த விட்டுட்டு, பிரஷ் போட்டுக் கழுவுனேன்லா."

மாட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை! மறுநாள் சிலிம் ரிவர் போய்ச் சேரும்வரை சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. நான்தான் தாண்டிவிட்டேன்.

நிச்சயதார்த்த வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்து, பத்து ஆண்களுக்குப் பாடம் நடத்தினேன். "பசை முக்கியமில்ல. தடவுற கைதான் முக்கியம்."

என் சகலை அலெக்சாண்டர் பெரிய கார்க்காரர். என்னை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அவரே வாய் பிளந்து கேட்டார்.

"சகலை, நம்ம காரும் ஒழுகுதுலா. அடுத்த சனிக்கிழமை கொண்டாரவா?"

"தாராளமா!"

ஜோசலின் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தாள். என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஒத்துக்காதீங்க!"

"ஏன்? என் கை மேல நம்பிக்கை இல்லையா?"

"அதில்லங்க. நம்ம காருக்குப் புது ரேடியேட்டர் கடையில ரெடியா இருந்துச்சு. வாங்கியாந்து டேப்பு சுத்தி வச்சுட்டேன். அவரு காருக்கு ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆகுமாம். அவ்ளோ நேரம் உங்களால தூங்க முடியாது."